ஒரு புள்ளியின் விலை



முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறுவர்களுக்குத் தசமக் கணக்குக் கற்பித்தவன் நான். புள்ளியை இடம் மாற்றி வைத்த மாணவனுக்கு ஒரு மதிப்பெண் குறைப்பேன். அவன் முகம் வாடும். அவ்வளவில் அது தீர்ந்துவிடும். அதே புள்ளி ஓர் உயிரையும் வாங்கக்கூடும் என்று அந்நாளில் நான் எண்ணியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் காய்ச்சலில் கிடந்த என் பேரனுக்கு, ஒரு மருத்துவமனையின் மருந்து கொடுக்குமிடத்தில், 'வேளைக்கு 5 மில்லி' என்று சொல்லிப் பாராசிட்டமால் புட்டியொன்றைத் தந்தார்கள். வீட்டில் என் மருமகள் புட்டியின் மேலுள்ள எழுத்தை வாசித்தாள். அது பாகு மருந்தன்று, சொட்டு மருந்து. குழந்தைகளுக்கான பாகு மருந்தில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் இருக்கும். அந்தச் சொட்டு மருந்திலோ ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். சொன்னபடி கொடுத்திருந்தால் அளவு நான்கு மடங்காகியிருக்கும்! கொடுத்தவரை நான் நோகவில்லை. வரிசையில் பலர் காத்து நிற்க, ஒன்றுபோலத் தோன்றும் புட்டிகளுக்கிடையே களைத்த கண் பிழை செய்வது இயல்பே.

ஊசி மருந்து தயாரிப்பது இன்னும் நுட்பமானது. 500 மில்லிகிராம் மருந்துப் பொடியைக் கரைத்து 5 மில்லி ஆக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிசுவுக்கு வேண்டியது 50 மில்லிகிராம், அதாவது 0.5 மில்லி. முன்னுள்ள பூஜ்யத்தை எழுதாமல் விட்டு, புள்ளியும் மங்கிப் போனால், 5 மில்லி என்றாகிவிடும். பிழை பத்து மடங்கு!

இங்கேதான் கணினி மென்பொருள் துணைக்கு வருகிறது. நோயாளியின் எடையைக் கேட்டு அளவைக் கணக்கிடுகிறது. வரம்பு மீறினால் எச்சரிக்கிறது. புட்டியிலுள்ள கோட்டுக் குறியைப் படித்து, எழுதிய மருந்தும் எடுத்த மருந்தும் ஒன்றுதானா என்று பார்க்கிறது. சில இடங்களில் தராசும் உடன் இருக்கும். மருந்தை எடுப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்து, எடுத்த அளவு சரிதானா என்று சொல்லிவிடும். நம் திண்டுக்கல் பூட்டு தனக்குரிய சாவிக்கன்றி வேறெதற்கும் திறவாதல்லவா? அத்தகைய காவல் இது.

கணினி நம் மாநில மருத்துவத் துறைக்குப் புதியதன்று. 1994இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி, கிடங்குகளின் இருப்பைக் கணினியில் கண்காணித்து, பிற மாநிலங்களுக்கும் வழிகாட்டியது. 2017இல் உலக சுகாதார நிறுவனம், மருந்துப் பிழைகளால் நேரும் கடுந்தீங்கை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைக்குமாறு நாடுகளை வேண்டியது. 2023 ஆகஸ்ட் முதல் நம் நாட்டில் 300 மருந்து வணிகப் பெயர்களின் உறைமீது கோட்டுக் குறியோ கியூ.ஆர். குறியோ கட்டாயமாயிற்று. கிடங்கு வரை வந்த காவல், மருந்தைக் கலக்கும் மேசை வரையிலும், நோயாளியின் கை வரையிலும் எல்லா மருத்துவமனைகளிலும் வந்து சேர வேண்டும். வேடசந்தூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் பஸ் ஏறி வரும் ஏழைத் தாய்க்கும் அக்காவல் கிட்ட வேண்டும்.

ஆனால் ஒன்று: எடையைத் தவறாகப் பதிந்தால், யந்திரம் தவறான அளவையே பிழையின்றிக் கணக்கிடும்! ஓயாமல் மணியடித்தாலும் பயனில்லை. எந்நேரமும் அதட்டும் ஆசிரியரின் சொல்லை வகுப்பு செவிமடுப்பதில்லை. ஆகவே, மென்பொருள் இருப்பினும் இரண்டாமவர் ஒருவர் சரிபார்ப்பது இன்றியமையாதது.

நமக்கும் கடமை உண்டு. குழந்தையின் எடையைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேளாமலே சொல்லுங்கள். புட்டியின் எழுத்தை வாசியுங்கள். ஐயமிருந்தால் கூசாமல் கேளுங்கள். மருந்துச் சீட்டு எழுதுவோருக்கு இந்தப் பழைய வாத்தியாரின் விண்ணப்பம் ஒன்றுண்டு: புள்ளிக்கு முன் பூஜ்யத்தை விடாதீர்கள், முழு எண்ணுக்குப் பின் வீணாகப் புள்ளியும் பூஜ்யமும் இடாதீர்கள். 1.0 என்பது 10 ஆகத் தோன்ற ஒரு கணம் போதும்.

வகுப்பில் தவறிய புள்ளியைச் சிவப்பு மையால் திருத்திவிடலாம். மருந்தில் தவறிய புள்ளியைத் திருத்த எந்த மையும் இல்லை.