வாடையின் திசையில்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

‘பனிக்காலமும் பாட்டும்’ என்ற பொருள் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் பணித்தார். இரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடு காலம் கழிப்பவன் நான். கல்வியும் பள்ளியிறுதி வகுப்போடு நின்றது. எனினும் இருபது ஆண்டுகளாகத் தில்லிக் குளிரில் நடுங்கியவன் என்னும் தகுதி ஒன்று உண்டு. அந்தத் துணிவிலேயே உங்கள் முன் நிற்கிறேன்.

சென்ற மார்கழியில் நம் ஞாயிறு தமிழ் வகுப்பில், பனிக்காலம் பற்றிக் கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். என் மகள் என்னிடம் வந்தாள். நானும் பெருமிதத்தோடு சொல்லத் தொடங்கினேன். வாசலில் கோலம், கோலத்தின் நடுவே பூசணிப்பூ, வைகறையில் கோயில் மணி, பனைமரத்துக்குப் பின்னே எழும் ஞாயிறு. நான்கு வரி எழுதியவள் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, “அப்பா, பூசணிப்பூ என்ன நிறம்?” என்று கேட்டாள்.

எனக்கு நா எழவில்லை. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே. எங்களுக்கு ஊர்ப்பயணம் கோடை விடுமுறையில்தான். மார்கழியில் அவள் ஊரைக் கண்டதே இல்லை. மஞ்சள் என்று சொல்லிவிட்டு, அன்றிரவு இதே விழா மலரில் முன்பு நான் எழுதிய கவிதைகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஓடுவது பொருநை, நிற்பது பனை. யமுனை ஓரிடத்தில்கூட வரவில்லை!

நிற்க. நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தபோது கூதிர், முன்பனி, பின்பனி என மூன்றைக் குளிருக்கே தந்தனர். ஐப்பசி முதல் பங்குனி வரை ஆறு திங்கள். வடக்கிலிருந்து வரும் காற்றுக்கு வாடை என்று பெயரிட்டனர். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை 188 அடிகள் கொண்டது. அதில் நக்கீரர் காட்டுவன யாவை? கொள்ளியைக் கையில் ஏந்தியும் கன்னம் நடுங்கும் ஆயர். இரைதேடப் போகாமல் கால்மாற்றி நிற்கும் புறாக்கள். வேண்டுவாரின்றித் தொங்கும் விசிறியில் சிலந்தி நூல். அரண்மனையைப் பாட வந்தவர் அந்தச் சிலந்தியையும் விடவில்லை. நம் வீட்டுக் கூலரை இந்நாளில் திறந்து பாருங்கள். அதே சிலந்தி அங்கும் இருக்கிறது. நாமோ அந்த வாடை வரும் திசையிலேயே குடியேறி வாழ்கிறோம். அதைப் பாடச் சொல்லுக்கு ஏது பஞ்சம்?

என் கண்ணில் பட்ட சிலவற்றைச் சொல்கிறேன். ஐப்பசி பிறந்ததும் எங்கள் சரக்கு முற்றத்துக்கு வெள்ளை வாலாட்டிக் குருவி வந்துவிடும். தண்டவாளங்களுக்கிடையே வாலை ஆட்டியபடி ஓடும். அதற்குச் சற்றுப் பின், பழைய ரஜாய்ப் பஞ்சைக் கொட்டித் தருபவர் பெரிய வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் வருவார். அந்த நரம்பின் ஒலியைக் கேட்டதும் என் மனைவி பரணைப் பார்ப்பாள். தையில் பானிப்பட்டுப் பக்கம் வண்டியில் போனால் இருபுறமும் கடுகு பூத்த மஞ்சள். பூசணிப்பூவின் நிறத்தை மகளுக்கு அங்கேயே காட்டியிருக்கலாம். அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூடுபனியைப் பற்றி இரயில்வேக்காரன் பேசாமல் இருக்க முடியுமா? மேற்கேயிருந்து வரும் காற்றுக்குழப்பம் சிறுமழை பெய்துவிட்டு நகரும். வானம் தெளியும், காற்று ஓயும், இரவில் நிலம் குளிர, அதை ஒட்டிய ஈரம் நுண்துளிகளாகி நிற்கும். அக்காலங்களில் கைகாட்டிக்கு 270 மீட்டர் முன்னே தண்டவாளத்தில் வெடி வைப்பார்கள். சக்கரம் ஏறியதும் அது வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும். இப்போது செயற்கைக்கோளின் துணையால் வரும் கைகாட்டியை முன்னறிவிக்கும் கருவி எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. ஆயினும் நடைமேடையில் நிற்பவனுக்கு மாற்றமில்லை. முதலில் ஊதல் ஒலி, பிறகு மஞ்சள் கறை போல் ஒரு விளக்கு, கடைசியில்தான் வண்டி.

மெய்யாக எழுதுவதென்றால் இன்னொன்றையும் எழுத வேண்டும். தில்லியில் நாம் பனியென்று எண்ணுவதில் ஒரு பங்கு புகை. வயலில் எரிக்கும் தாளின் புகை, வண்டிகளின் புகை. கார்த்திகையில் என் தாயார் இருமும் இருமலுக்கு முன்பனி என்று அழகிய பெயர் சூட்ட என்னால் இயலாது.

மகள் தன் கட்டுரையை மறுபடி எழுதினாள். நான் வாய் திறக்கவில்லை. காவற்காரர் சருகு மூட்டிக் குளிர்காய்வதையும், தன் மூச்சு புகைவதையும், தண்டவாளத்து வெடி இரயிலுக்குத் தீபாவளி என்று தன் பாட்டியிடம் சொன்னதையும் எழுதியிருந்தாள். ரகர றகரப் பிழை மூன்று இருந்தது. அவற்றை மட்டும் திருத்தினேன்.

எங்கள் குடியிருப்பின் வாயிலில் ஓர் இலவமரம் நிற்கிறது. இங்குள்ளோர் சேமல் என்பர். தை முழுதும் இலையின்றி மொட்டையாக நின்றது. இன்று காலை விழாவுக்குப் புறப்படும்போது அண்ணாந்து பார்த்தோம். கிளைகளில் கருமொட்டுக்கள் திரண்டிருக்கின்றன. சிவப்பாகப் பூக்கும் என்றேன். பூத்த பிறகு எழுதிக்கொள்கிறேன் என்று ஏட்டில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறாள்.