ஆங்கில உச்சரிப்பும் பிழைதிருத்தமும்

(வெள்ளிவிழாவின் மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் கடந்து வந்த பாதையைப் பேசுவது மரபு. அதனை எனக்கு முன் பேசிய பெரியவர்கள் செவ்வனே பேசிவிட்டார்கள். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தமாகும் நம் பிள்ளைகளுக்கு ஆங்கில உச்சரிப்பைப் பற்றியும், இலக்கணப் பிழைகளைத் திருத்துவதைப் பற்றியும் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். இவை இரண்டும் வெவ்வேறு பாடங்கள் என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். முப்பதாண்டு வகுப்பறை வாழ்க்கை அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. வாயால் சொல்லாத எழுத்தைப் பிள்ளைகள் தாளிலும் விட்டுவிடுகிறார்கள். காதில் விழாத பிழை கண்ணுக்கும் தெரிவதில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவே. எஞ்சியவை அதற்கான விளக்கம்.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைக் கூறுகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளராக இருப்பவரின் மகள், பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவள். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கும்படி அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் விண்ணப்பிக்கவில்லை. காரணம் கேட்டேன். “இங்கிலீஷ் பேப்பர் இருக்காம் சார்” என்றாள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் பட்டியல் சாதியினர்க்கு நூற்றுக்குப் பதினைந்து இடம் சட்டப்படி உண்டு. அவ்விடத்தை வேறெவரும் அவளிடமிருந்து பறிக்கவில்லை. ஒரு தாளின் பெயரைக் கேட்ட அளவிலேயே அவளாக விலகிக்கொண்டாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நம் மாநிலம் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு நடத்திவந்த நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கோ 2022 முதல் ‘கியூட்’ எனும் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. அதன் பாடத்தாள்களைத் தமிழிலேயே எழுதலாம்; ஆங்கில மொழித்தாளை ஆங்கிலத்தில்தானே எழுதியாக வேண்டும்? பத்தியைப் படித்து விடை கூறுதல், சிதறிய தொடர்களை ஒழுங்குபடுத்துதல், பொருத்தமான சொல்லைத் தேர்தல் முதலியன அதில் உண்டு. சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண். தவறினால் ஒன்று குறையும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான ‘கிளாட்’ தேர்விலும் ஆங்கிலப் பகுதி உண்டு. தேசியப் பாதுகாப்புக் கழகமாகிய என்.டி.ஏ. எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்களில் 200 ஆங்கிலத்திற்கு உரியவை. பிழை காணும் வினாக்கள் அதில் வாடிக்கையாக வருவன. 2021 முதல் அத்தேர்வைப் பெண்களும் எழுதுகிறார்கள் என்பதைத் தாய்மார்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

இனி உச்சரிப்புக்கு வருவோம். நம் பிள்ளை ‘இஸ்கூல்’ என்றால் நகரத்தார் நகைக்கிறார்கள். நகைப்பவர்க்குத் தமிழ் இலக்கணம் தெரியாது என்பேன். சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் இணைந்து நிற்பதைத் தமிழ் ஏற்பதில்லை. ரகரமும் லகரமும்கூட மொழிக்கு முதலில் வாரா. ஆதலால் அன்றோ வடமொழிப் பெயர்களை இராமன் என்றும், இலக்குவன் என்றும் நம் புலவர்கள் எழுதினார்கள்! கம்பரைப் பார்த்து எவரும் நகைக்கவில்லை. ஸ்பெயின் நாட்டாரும் ஸகரத்தின் பின் மெய் வந்தால் முன்னே ஓர் எகரம் சேர்த்தே ஒலிப்பர். அவர்கள் மொழியில் பள்ளிக்கூடம் ‘எஸ்குவேலா’. எனவே ‘இஸ்கூல்’ என்பது அறியாமையன்று. தாய்மொழியின் விதியை அயல்மொழிக்கும் பொருத்திவிட்டோம், அவ்வளவே. திருத்துவதும் எளிது. பாம்பு சீறுவதுபோல் ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டி, மூச்சை விடாமல் ‘கூல்’ என்று முடியுங்கள். ஸ்டேஷன், ஸ்டூடென்ட், ஸ்பெல்லிங் எல்லாவற்றிற்கும் இதுவே பயிற்சி. ஒரு வாரம் போதும்.

ரோடு, லைட்டு, பஸ்ஸு என்று கடைசியில் ஓர் உகரம் சேர்ப்பதும் இத்தகையதே. வல்லின மெய்யில் சொல் முடிவதைத் தமிழ் விரும்பாது. குற்றியலுகரத்தைத் துணைக்கு அழைக்கும். ‘எக்ஸாம்’ என்பதை ‘யெக்ஸாம்’ என்றும், ‘ஒன்லி’ என்பதை ‘வொன்லி’ என்றும் ஒலிக்கிறோமே, அந்த யகரமும் வகரமும் எங்கிருந்து வந்தன? மணியடித்தான், பூவழகு என்று உயிரோடு உயிரைச் சேர்க்கும்போது இடையே வரும் அதே உடம்படுமெய்கள்தாம். ஆங்கிலத்தில் அவற்றை அழைக்காமலே வாயைத் திறக்கப் பழக வேண்டும்.

பகரம் சற்றுக் கடினம். நம் எழுத்தில் பகரம் ஒன்றே. அது சொல்லின் முதலில் ஒருவாறும், மகரத்தின் பின் வேறொருவாறும் ஒலிக்கும். ‘பல்’, ‘அம்பு’ என்று சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்திலோ குண்டூசிக்கு ஓர் ஒலி, குப்பைத் தொட்டிக்கு மற்றோர் ஒலி. மாறினால் பொருளே மாறும். மேடையில் இரண்டையும் ஒலித்துக் காட்டினேன். அச்சில் தமிழ் எழுத்தால் இரண்டையும் ‘பின்’ என்றே எழுத நேர்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. உங்கள் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் தோழர்கள் இருப்பார்கள். தெலுங்கில் இவ்விரு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. அவர்களை எதிரில் அமர்த்திச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். காசு செலவில்லாத ஆசிரியர்கள்!

அழுத்தம் என்பது இன்னொன்று. தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் ‘ரெக்கார்ட்’ என்பதன் முதல் அசையை அழுத்தினால் ஆவணம். இரண்டாம் அசையை அழுத்தினால் பதிவு செய் என்னும் வினை. ‘ஷன்’ என்று முடியும் சொற்களில் அதற்கு முந்திய அசையே அழுத்தம் பெறும் என்ற ஒரு விதியை நினைவிற் கொண்டால் நூற்றுக்கணக்கான சொற்கள் கைவசமாகும். ரயில் நிலைய ஒலிபெருக்கி ‘அட்டென்ஷன் ப்ளீஸ்’ என்னும்போது எந்த அசை ஓங்குகிறது என்று நாளைக் காலையில் கவனித்துப் பாருங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகிறேன். நான் பி.ஏ. முதலாண்டு சேர்ந்தபோது, ஒரு நாள் ஆங்கிலப் பாடத்தைப் படிக்குமாறு விரிவுரையாளர் என்னை எழுப்பினார். கடன் என்னும் பொருளுடைய ‘டெட்’ என்ற சொல் வந்தது. அதன் நடுவே ‘பி’ என்ற எழுத்து நிற்கிறதே என்று ‘டெப்ட்’ என்று படித்தேன். வகுப்பு சிரித்தது. விரிவுரையாளரும் சிரித்து, மீண்டும் ஒருமுறை சொல் என்றார். மீண்டும் அவ்வாறே சொன்னேன். நான் எந்த ஊரிலிருந்து வருகிறேன் என்று அவர் கேட்டார்; ஊரா, சேரியா என்று அருகிலிருந்த ஒருவன் கேட்டான். அதன்பின் மூன்றாண்டுகள் அவ்வகுப்பில் நான் வாயைத் திறக்கவில்லை. பி.எட். படிக்கும்போதுதான் நூலகத்தில் ஓர் அகராதியில் அச்சொல்லின் வரலாற்றைக் கண்டேன். பிரெஞ்சிலிருந்து வந்த அச்சொல்லில் அந்த எழுத்தே இல்லை. இலத்தீன் மூலம் விளங்கட்டும் என்று கற்றோர் பிற்காலத்தில் செருகிய எழுத்து அது! ஐயம் என்னும் பொருளுடைய ‘டவுட்’டில் நிற்கும் பி, ‘ரிசீட்’டில் நிற்கும் பி, தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’டில் நிற்கும் எஸ் யாவும் இத்தகையனவே. எவரோ அழகுக்குச் செருகிய எழுத்துக்காக மூன்றாண்டுகள் ஊமையாக இருந்தோமே என்று அன்று அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. நம் கழக வகுப்பில் பிறர் பிழைக்கு எவரும் நகைக்கலாகாது என்று நான் விதித்திருப்பது ஏனென்று பிள்ளைகளுக்கு இப்போது புரியும்.

எழுத்துத் தேர்வுக்கு இவ்வளவு ஒலிப்பயிற்சி எதற்கு என்று பெற்றோர் கேட்கலாம். பிழைதிருத்தத்தில் முதலில் வரும் வினாவையே எடுத்துக்கொள்வோம். ‘எ’ வருமா, ‘ஆன்’ வருமா? எழுத்தைப் பார்த்து விடையளிப்பவன் ‘ஆன் யுனிவர்சிட்டி’ என்று எழுதுவான். ‘யு’ என்னும் எழுத்து உயிரெழுத்து என்று படித்திருக்கிறான் அல்லவா? ஒலித்துப் பார்ப்பவன் அது யகரத்தில் தொடங்குவதை உணர்ந்து ‘எ யுனிவர்சிட்டி’ என்பான். ‘ஹவர்’ என்று எழுதினாலும் ‘அவர்’ என்று ஒலிப்பதால் ‘ஆன் அவர்’. இது நமக்குப் புதிதன்று. ஒரு மரம், ஓர் இலை என்று எழுதுகிறோமே, அதே விதிதான். தமிழாசிரியர் சொல்லிக் கொடுத்ததை ஆங்கில வகுப்பில் மறந்துவிடுகிறோம்.

இறந்தகால வினையின் ‘எட்’ விகுதியும், படர்க்கை ஒருமையின் எஸ் விகுதியும் இவ்வாறே. ‘வொர்க்ட்’ என்பதில் கடைசி டகரத்தை விழுங்கி ‘வொர்க்’ என்றே சொல்லிப் பழகியவன், எஸ்டர்டே என்று தொடரில் இருந்தும் ‘ஐ வொர்க்’ என்றே எழுதுகிறான். ‘வான்டட்’ என்பதில் அது தனி அசையாக ஒலிப்பதால் எவரும் விடுவதில்லை. தாள்களைத் திருத்தும்போது இந்த வேறுபாட்டைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஏனைய பிழைகளில் பெரும்பாலானவை தமிழைச் சொல்லுக்குச் சொல் மாற்றுவதால் வருவன. தமிழில் ‘ஐந்து மாடு’ என்றாலும் குற்றமில்லை. நன்னூலார் அதனைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பார். ஆங்கிலத்தில் ‘ஃபைவ் கவ்’ பிழை. ‘கவ்ஸ்’ என்றே வர வேண்டும். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று நினைப்பதால் ‘டிஸ்கஸ் அபௌட்’ வருகிறது. ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘பற்றி’ அடங்கிவிட்டது. ‘பத்தாண்டுகளாக வசிக்கிறேன்’ என்பதில் நமக்கு நிகழ்காலமே போதும். ஆங்கிலத்திற்கு ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’. ‘அல்லவா’ என்ற ஒரே சொல்லால் எல்லா வினாவையும் முடிக்கும் நாம், ஆங்கிலத்திலும் ‘இஸ்ன்ட் இட்’ என்றே முடிக்கிறோம். முன்னே எந்தத் துணைவினையோ அதையே பின்னும் கேட்க வேண்டும்.

சில இடங்களில் தமிழே நம்மைக் காக்கும். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்று எழுதுகிறவன், ‘என் நண்பனில் ஒருவன்’ என்று தமிழில் சொல்வானா? நண்பர்களில் ஒருவன் என்பான். ‘மழை பெய்தாலும் ஆனால் வந்தான்’ என்பது நம் காதுக்கே ஒவ்வாது. ‘தோ’ என்று தொடங்கிய ஆங்கிலத் தொடரில் ‘பட்’ வந்தால் அதுவும் ஒவ்வக்கூடாது. தேர்வாளர்கள் மிகவும் விரும்பும் பொறி ஒன்று உண்டு. ‘தி கலர் ஆஃப் தி ஃப்ளவர்ஸ் ஆர் ரெட்’ என்று கொடுப்பார்கள். வினைக்கு அருகில் பூக்கள் நிற்பதால் ‘ஆர்’ சரியெனத் தோன்றும். தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘பூக்களின் நிறம் சிவப்பாக இருக்கிறது.’ இருப்பது எது? நிறம். அது ஒருமை, ஆகவே ‘இஸ்’. தமிழில் அடைமொழி முன்னே நிற்பதால் எழுவாய் தெளிவாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் அது எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே புகுந்து மறைத்துவிடுகிறது.

சொற்பொருளிலும் பொறிகள் உண்டு. ‘இன்ஃப்ளேமபிள்’ என்ற சொல்லை ஆலைகளின் பீப்பாய்களிலும் வண்டிகளிலும் உங்கள் தந்தையர் பார்த்திருப்பார்கள். முன்னே ‘இன்’ இருப்பதால் தீப்பற்றாதது என்று பொருள் கொண்டால், தேர்வில் ஒரு மதிப்பெண் போகும். ஆலையில் உயிரே போகும். எளிதில் தீப்பற்றும் என்பதே அதன் பொருள். இன்று மாலையே உங்கள் தந்தையரிடம் இதைக் கூறுங்கள்.

செங்கற்பட்டு மண்ணின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் ‘பறையன்’ இதழைத் தமிழில் நடத்தினார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தார். பள்ளி ஆசிரியராக இருந்த எம்.சி. ராஜா 1925இல் நம் மக்களின் நிலையை ஆங்கில நூலாக எழுதி வெளியிட்டார். ஆள்வோர் காதில் விழ வேண்டியதை அவர்கள் ஆங்கிலத்தில் சொன்னார்கள். நம் மக்களிடம் தமிழில் பேசினார்கள். தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் படியுங்கள் என்று நான் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டாம்.

பயிற்சி முறை இதுதான். நாள்தோறும் ஆங்கில நாளேட்டில் ஒரு பத்தியை உரக்கப் படியுங்கள். மனத்துக்குள் படிப்பது கணக்கில் சேராது. ஐயமுள்ள சொல்லைக் கைப்பேசி அகராதியில் கேட்டு, உடனே மும்முறை சொல்லுங்கள். பிழைதிருத்தப் பயிற்சிக்கு ரென் - மார்ட்டின் இலக்கண நூல் நம் நூலகத்தில் இரண்டு படிகள் உள்ளன. பழைய வினாத்தாள்களும் சேர்த்து வைத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் ஒரு பிழைக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நீங்கள் எழுதிய பிழை, வலப்பக்கம் திருத்தம், அடியில் அப்பிழை தமிழின் எந்த வழக்கத்தால் வந்தது என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுதாதவன் அதே பிழையை மறுமாதமும் செய்வான்.

வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கழகக் கட்டடத்தில் வகுப்பு. திருவள்ளூர்ப் பிள்ளைகளும் கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகளும் வேறு வேறு தடத்து ரயிலில் வருவதால் அரை மணி தாமதம் பொறுத்துக்கொள்ளப்படும். நான் முன்னே சொன்ன பெண்ணும் வருவதாகக் கூறியிருக்கிறாள். அடுத்த ஆண்டுத் தேர்வு எழுதப் போகிறாளாம். முதல் பத்தியை அவளே படிப்பாள்.