வீட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன நாளிதழ்



யிட்டிஷ் மொழி நாளிதழ்களில் வளர்ந்த ஓர் எழுத்துக் கலையைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். மாமியார் மருமகள் சண்டை, வாடகை பாக்கி, ஓடிப்போன கணவன், சமையலறையில் எழுந்த சந்தேகம் இவையெல்லாம் போர்ச் செய்திக்கும் தேர்தல் செய்திக்கும் பக்கத்தில் அதே மரியாதையோடு அச்சேறின. இதழியலில் நான் மிக உயர்வாக மதிக்கும் பத்தி எழுத்து இதுதான்.

யிட்டிஷ், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய மொழி. ஜெர்மன் மொழிக்கு உறவு. எழுதுவது எபிரேய எழுத்தில், வலமிருந்து இடமாக. 1881-க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் வறுமையும் யூதர்களுக்கு எதிரான கலவரங்களும் துரத்த, லட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்தார்கள். தையல் கூடங்களில் வேலை பார்த்தார்கள், தெருத்தெருவாகச் சரக்கு விற்றார்கள். அவர்களுக்காக 1897-இல் தொடங்கப்பட்ட நாளிதழ் ‘ஃபோர்வெர்ட்ஸ்’. அதை ஆளாக்கிய ஆசிரியர் ஆபிரகாம் காஹான். லிதுவேனியாவில் பிறந்து 1882-இல் அமெரிக்கா வந்தவர்.

1906 ஜனவரியில் காஹான் தன் இதழில் ‘பின்ட்டெல் பிரீஃப்’ என்ற பகுதியைத் தொடங்கினார். கடிதக் கட்டு என்று பொருள். வாசகர்கள் தங்கள் குறையை எழுதுவார்கள், ஆசிரியர் பதில் சொல்வார். தொடக்க காலக் கடிதம் ஒன்று இன்றும் பேசப்படுகிறது. எழுதியவள் ஓர் ஏழைத் தாய். அவள் வீட்டில் ஒரு கைக்கடிகாரமோ சட்டைப்பைக் கடிகாரமோ வெறும் மணி பார்க்கிற பொருள் அல்ல. வேலை இல்லாத நாளில் அதை அடகு வைத்துத்தான் அடுப்பு எரியும். அந்தக் கடிகாரம் களவு போய்விட்டது. எடுத்தது அக்கம்பக்கத்தில் இருக்கும் இன்னோர் ஏழைதான் என்று அவளுக்குத் தெரியும். போலீசுக்கு அவள் போகவில்லை. பத்திரிகை வழியாக அந்த அண்டை வீட்டுக்காரியிடமே பேசுகிறாள்: அடகுச் சீட்டைத் தபாலில் அனுப்பிவிடு, உன்னை நான் அவமானப்படுத்த மாட்டேன் என்கிறாள். திருட்டுக் கொடுத்தவள் திருடியவளின் மானத்தைக் காக்கிறாள். ஒரு சமூகத்தின் வறுமையையும் பண்பையும் ஒருசேரச் சொல்ல இந்த ஒரு கடிதம் போதும்.

இந்தப் பகுதி தொடங்குவதற்கு முன்பே அதே இதழுக்கு எழுதிய ஒரு தகப்பனுக்கு வேறு கவலை. மகன் பேஸ்பால் ஆடுகிறான், வளர்ந்த பிள்ளைக்கு இது அழகா என்று கேட்கிறார். படிப்புக்குக் குந்தகம் வராதவரை ஆடட்டும், பிறந்த நாட்டிலேயே பிள்ளைகளை அந்நியர்களாக வளர்க்காதீர்கள் என்று காஹான் பதில் சொன்னார். பின்னாளில் மைதானத்தின் படம் போட்டு ஆட்டத்தின் விதிகளையே யிட்டிஷில் விளக்கியது அந்த இதழ்.

மனைவி மக்களை விட்டு ஓடிய கணவர்களின் புகைப்படங்களையும் வரிசையாக வெளியிட்டார்கள். இதில் சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. கணவன் கையால் விலக்குச் சீட்டு வாங்காத யூதப் பெண் மத விதிப்படி மறுமணம் செய்துகொள்ள முடியாது. அவன் எங்கோ உயிரோடிருக்க, இவள் கட்டுண்டவளாகவே நிற்க வேண்டும். ஆகவே ஒரு புகைப்படத்துக்கு அங்கே ஒரு பெண்ணின் வாழ்க்கையளவு கனம் இருந்தது.

இந்தக் கலை எங்கிருந்து வந்தது? பழைய ஊரில், மனத்தில் கேள்வி எழுந்தால் யூத மதகுருவான ரபியின் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். பாலும் இறைச்சியும் சேரக் கூடாது என்பது மத விதி; பால் பாத்திரத்தில் இறைச்சித் துளி தெறித்துவிட்டது, இனி அதில் சமைக்கலாமா? கூட்டாளி கணக்கில் ஏமாற்றுகிறான், யார் பக்கம் நியாயம்? எந்தக் கேள்வியையும் அற்பம் என்று ரபி தள்ளுவதில்லை. நியூயார்க் வந்த பலருக்கு அந்தக் கதவு தொலைந்துபோயிற்று. மதச்சார்பற்ற, சோஷலிச நாளிதழ் ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

கடிதங்களை அலுவலகத்தில் திருத்தினார்கள். எழுதத் தெரியாமல் வந்தவர்களுக்கு எழுதியும் கொடுத்தார்கள். அதனால் சிலவற்றின் உண்மைத்தன்மையை ஐயுறுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய குறையாகப்படவில்லை. குறை பதில்களில்தான். சில பதில்கள் பிரசங்கமாகிவிடுகின்றன. கேள்விகள்தான் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

அதே நாளிதழில் கேள்வியின் அருமையை முழுதும் உணர்ந்து எழுதியவர் ஐசக் பஷேவிஸ் சிங்கர். 1935-இல் போலந்திலிருந்து நியூயார்க் வந்தவர். 1978-இல் நோபல் பரிசு பெற்றவர். 1955-இல் வார்ஷாவ்ஸ்கி என்ற புனைபெயரில் தன் இளமை நினைவுகளை ஃபோர்வெர்ட்ஸில் தொடராக எழுதினார். வார்சா நகரம், கிராக்மல்னா தெரு, பத்தாம் எண் வீடு. அப்பா ரபி. வீடேதான் நீதிமன்றம்.

ஒரு நாள் ஒரு பெண் கூடையில் இரண்டு வாத்துகளோடு வருகிறாள். முறைப்படி அறுத்தவை, தலை இல்லை. ஆனால் ஒன்றை மற்றொன்றின் மேல் எறிந்தால் கத்துகின்றன! எறிந்தும் காட்டுகிறாள். அப்பா வெளிறிப்போகிறார். வானத்திலிருந்து வந்த அடையாளமோ என்று நடுங்குகிறார். அம்மாவும் ரபி குடும்பத்துப் பெண்தான், ஆனால் எதையும் தர்க்கத்தால் பார்ப்பவள். மூச்சுக்குழலை எடுத்தாயா என்று அந்தப் பெண்ணிடம் கேட்கிறாள். இல்லை என்கிறாள் அவள். அம்மா வாத்துகளுக்குள் விரலை விட்டு அந்தக் குழல்களை இழுத்து எடுக்கிறாள். மறுபடி எறியச் சொல்கிறாள். இந்த முறை கத்தினால் அப்பாவின் நம்பிக்கை வென்றது, கத்தாவிட்டால் அம்மாவின் அறிவு வென்றது. பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவனோ, பயத்தில் உறைந்திருந்தும், அவை கத்திவிட வேண்டும் என்றே வேண்டிக்கொள்கிறான்.

வாத்துகள் கத்தவில்லை. அம்மா சமையலறைக்குத் திரும்புகிறாள்.

இதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது, கூடவே அந்த அப்பாவுக்காக மனசும் கனக்கிறது. சிங்கர் யார் பக்கமும் சாயாமல் இருவரையும் நேசித்து எழுதுகிறார். நம்பிக்கைக்கும் பகுத்தறிவுக்கும் நடந்த நூற்றாண்டு கால விவாதத்தை ஒரு சமையலறைச் சந்தேகத்துக்குள் வைத்துவிட்டார். அவருடைய பல நாவல்களைவிட இந்தப் பத்திகளை மேலானவையாக நான் கருதுகிறேன்.

தொடர் வெளிவந்த ஆண்டையும் நினைத்துப் பாருங்கள். நாஜிகள் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றுமுடித்துப் பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் யிட்டிஷ் பேசியவர்கள். கிராக்மல்னா தெருவின் யூத வாழ்க்கை அடியோடு அழிந்திருந்தது. அந்த இழப்பைச் சுமந்த வாசகர்களுக்கு சிங்கர் ஒப்பாரி வைக்கவில்லை. அவர்களுடைய தாயும் தந்தையும் எப்படிக் கேள்வி கேட்டார்கள், எப்படிச் சச்சரவிட்டார்கள் என்று எழுதிக் காட்டினார்.

ஃபோர்வெர்ட்ஸின் அச்சுப் பதிப்பு 2019-இல் நின்றது. இணையத்தில் யிட்டிஷ் பதிப்பு தொடர்கிறது. சிங்கரின் தொடர் ‘என் தந்தையின் நீதிமன்றத்தில்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் நூலாகக் கிடைக்கிறது. ஐசக் மெட்ஸ்கர் தொகுத்த பின்ட்டெல் பிரீஃப் கடிதங்களும் ஆங்கிலத்தில் உண்டு. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வாங்கிவைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். நமக்குள்ளே யாராவது இந்த இரண்டையும் தமிழில் முழுமையாகக் கொண்டுவர முன்வந்தால், அது நம் வாசகர்களுக்குச் செய்யும் பெரிய உதவி.