இணைய விளம்பரம்: காசு கரைகிற இடங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கல்லூரியில் படித்துவிட்டுச் சொந்தமாகப் பட்டறை, கடை என்று நடத்துபவர்கள் நிறையப் பேர். "கூகுள்ல விளம்பரம் போட்டேனுங்க, காசு போனதுதான் மிச்சம்" என்று அவர்களில் பலர் சொல்லக் கேட்கிறேன். விளம்பரமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. காசு எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்று பார்ப்போம்.

2000 அக்டோபரில் கூகுள் இதை ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. 2018-இல் பெயர் கூகுள் ஆட்ஸ் என்று மாறியது. ஒருவர் எதையாவது தேடும்போது, அந்த இடத்தில் யாருடைய விளம்பரம் வருவது என்று நொடிக்குள் ஓர் ஏலம் நடக்கிறது. தேடியவர் கிளிக் செய்தால் நம் கணக்கில் காசு கழியும். அவர் பொருள் வாங்கினாரா என்பது வேறு கதை. அவர்களுக்கு வருமானம் கிளிக்கில், நமக்கு வருமானம் பில் போட்டால்தான்.

கோவையில் வெட் கிரைண்டர் செய்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். 'கிரைண்டர்' என்ற ஒற்றைச் சொல்லைக் கொடுத்து விளம்பரம் போடுகிறார். வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் அது 'பிராட் மேட்ச்' என்ற நிலையில் ஓடும். அதாவது, தொடர்புடையது என்று கூகுள் கருதுகிற தேடல்களுக்கெல்லாம் போகும். வெல்டிங் பட்டறைக்காரர் ஆங்கிள் கிரைண்டர் தேடுவார். ஒருவர் காபிக்கொட்டை அரைக்க மெஷின் தேடுவார். இன்னொருவர் வீட்டில் ஓடாமல் கிடக்கும் பழைய கிரைண்டருக்கு ரிப்பேர் ஆள் தேடுவார். இவர்களில் ஒருத்தரும் நம் சரக்கை வாங்க வந்தவர் இல்லை. ஆனால் கை தவறி அழுத்தினாலும் காசு காசுதான்.

இதற்கு மருந்து உண்டு. சொல்லை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் வலை சுருங்கும், சதுர அடைப்புக்குள் கொடுத்தால் இன்னும் சுருங்கும். 'ரிப்பேர்', 'காபி', 'ஆங்கிள்' போன்றவற்றை நெகட்டிவ் கீவேர்டாகச் சேர்த்துவிட்டால் அந்தத் தேடல்கள் பெரும்பாலும் நின்றுவிடும். எந்தெந்தத் தேடலுக்கு நம் காசு போனது என்று காட்டும் பட்டியலும் கணக்கிலேயே இருக்கிறது. 2020-இலிருந்து எல்லாச் சொற்களையும் அதில் காட்டுவதில்லை. காட்டுகிறவரைக்கும் பார்க்கலாமே! வாரம் ஒருமுறை அதைத் திறக்கிற முதலாளி அபூர்வம்.

அடுத்தது ஊர். கோவை என்று தேர்ந்தெடுத்தால் கோவையில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று நாம் நினைப்போம். அங்கே இருப்பவர்களோடு, அந்த ஊரில் 'ஆர்வம் காட்டியவர்களும்' என்பதுதான் இயல்பான அமைப்பு. கோவைக்குச் சுற்றுலா வர டெல்லியில் உட்கார்ந்து யோசிப்பவரும் அதில் வரலாம். மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு, ஆனால் நாமே தேடிப் போய் மாற்றவேண்டும்.

நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் என்று போட்டால், ஒரே நாளில் 1,000 வரை செலவாகலாம். மாத வரம்பு 30.4 மடங்கு, அதாவது 15,200 ரூபாய். அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வரி திரும்ப வராது. பேஸ்புக்கில் 'பூஸ்ட்' பட்டனை அழுத்துவதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. லைக் வரும். லைக்கை வைத்து வங்கி ஓ.டி. வட்டி கட்ட முடியாதுங்க.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாம் பொறியாளர்கள். எந்த லைனில் கோளாறு என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்ப்போம் அல்லவா? அதைத்தான் 2012-இல் அமெரிக்காவில் ஈபே நிறுவனம் செய்தது. தன் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டிய விளம்பரங்களை யாகூ, எம்.எஸ்.என். தளங்களில் நிறுத்தியது. விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் 99.5 சதவீதம் பேர், கீழே இருந்த இலவச இணைப்பு வழியாக வந்துவிட்டார்கள்! பிளேக், நோஸ்கோ, தடேலிஸ் என்ற மூவர் எழுதிய அந்த ஆய்வு 2015-இல் 'எகனாமெட்ரிகா' இதழில் வெளியானது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஈபேக்குப் புதியவர்களிடமும் அரிதாக வாங்குபவர்களிடமும்தான் விளம்பரம் பலன் தந்தது.

ஆகவே நம் கோவைக்காரர் தன் கம்பெனிப் பெயருக்கே காசு கட்டுவதை முதலில் நிறுத்திப் பார்க்கலாம். போட்டியாளர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டால் மட்டும் மறுபடி யோசிக்கவேண்டும். தன்னைத் தெரியாத ஊர்களில் விளம்பரம் செய்வது நியாயமான செலவு. அதையும் சோதிக்கலாம். சேலத்தில் நான்கு வாரம் அணைத்துவையுங்கள், மதுரையில் ஓடட்டும். பண்டிகை மாதத்தில் வேண்டாம். பிறகு இரண்டு ஊரின் பில் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திரையில் காட்டுகிற 'கன்வெர்ஷன்' எண்ணிக்கையை அல்ல. பக்கத்தைத் திறந்ததையே கன்வெர்ஷன் என்று எண்ணும்படி யாராவது அமைத்துவைத்திருந்தால், ஒரு கிரைண்டர்கூட விற்காமல் நூறு கன்வெர்ஷன் காட்டும்.

கடைசியாக ஒன்று. ஏஜென்சியிடம் கொடுத்தால் கணக்கு உங்கள் மெயில் முகவரியில் இருக்கவேண்டும், அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். அவர்கள் பெயரில் இருந்தால், பிரிகிற அன்று இத்தனை நாள் சேர்த்த விவரமெல்லாம் அவர்களோடு போய்விடும். இதைக் கேட்கக் கூச்சப்படவேண்டாம்.

தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டிலோ சித்தப்பா, மாமா கடையிலோ இப்படி ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். இந்த விடுமுறையில் அந்தத் தேடல் பட்டியலைத் திறந்து அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அரைமணி நேர வேலை. சந்தேகம் இருப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் கேட்கலாம்.