வாரிசு ஓய்வூதியமும் திருமணப் பதிவும்



வேலையில் விபத்து நேர்ந்து இறந்தால் மட்டுமே சொக்சோ உதவி கிடைக்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், சந்தா செலுத்திய தொழிலாளி 60 வயதுக்கு முன் நோயினால் வீட்டில் இறந்தாலும், சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருப்பின், குடும்பத்துக்கு வாரிசு ஓய்வூதியம் உண்டு. அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு அல்லது கணவருக்கு. ஐந்தில் இரண்டு பங்கு மணமாகாத இளம் பிள்ளைகளுக்கு.

ஆனால், மனைவி என்பதற்குச் சான்று வேண்டும். கோயிலில் ஊரறியத் தாலி கட்டிய படமும் அண்டை வீட்டாரின் வாய்ச்சொல்லும் திருமணச் சான்றிதழுக்கு ஈடாகா. முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்வது 1982 மார்ச் 1ஆம் நாள் முதல் கட்டாயமாகும். பதியாதவர்கள், இருவரும் உயிரோடிருக்கும்போதே தேசியப் பதிவு இலாகாவுக்குச் செல்லுங்கள். மறைந்தவரைப் பதிவாளர்முன் அழைத்துச் செல்ல இயலாது.

அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றில் பெயர்கள் ஒன்றுபோல் எழுதப்பட்டுள்ளனவா என இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். துயரம் நேர்ந்துவிட்டால், இவற்றோடு மரணப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்தில் மனுச் செய்யுங்கள். கிராணியார் கவனித்துக்கொள்வார் என்று காத்திராதீர்கள்.

இது தருமமன்று; உழைத்தவர் செலுத்திய சந்தாவால் குடும்பத்துக்கு வந்த உரிமை.