மேயர் நாற்காலியும் நம் பஞ்சாயத்தும்

(எருத்தேன்பதியில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பகலெல்லாம் வேலை செய்த அலுப்போடு, கைப்பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் பேசுகிறோம். இன்று சென்னை மேயர்களின் வரலாற்றைச் சொல்லப் போகிறோம். "எருத்தேன்பதிக்காரனுக்கு மேயர் கதை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நம் தெருக் குழாயில் தண்ணீர் வருவதற்கும் வராமல் போவதற்கும் அந்தக் கதையில் பதில் இருக்கிறது. அதற்காகத்தான்.

இந்தியாவிலேயே பழைய மாநகராட்சி சென்னை. 1687-ம் ஆண்டு டிசம்பரில் சாசனம் எழுதப்பட்டது. 1688 செப்டம்பர் 29-ம் நாள் மாநகராட்சி தொடங்கியது. முதல் மேயர் நத்தானியல் ஹிக்கின்சன், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆள். அவருக்குத் துணையாக 12 ஆல்டர்மென்கள். அவர்களில் உள்ளூர் வணிகர்களும் சிலர் இருந்தார்கள்.

கம்பெனிக்கு ஏன் இந்தத் திடீர்க் கரிசனம்? கோட்டையிலிருந்து வரி கேட்டபோது ஊரார் முரண்டு பிடித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் சிலரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்பது கம்பெனியின் கணக்கு. ஆக, மேயர் நாற்காலி பிறந்தது மக்களுக்காக அல்ல, வரிக்காக!

அதே மாநகராட்சி பிற்காலத்தில் என்ன செய்தது என்று பாருங்கள். பிட்டி தியாகராயர் அதன் தலைவராக இருந்த காலத்தில், 1920-ம் ஆண்டு, ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானித்தார்கள். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பது நமக்குத் தெரியும். நகரசபையில் இருந்தவர்களுக்கும் அது தெரிந்தது. காமராசர் காலத்து மதிய உணவுக்கும், 1982-ன் சத்துணவுக்கும் முன்னோடி அந்தச் சோறுதான்.

1933-ல் மேயர் பதவி மீண்டும் வந்தது. ராஜா சர் முத்தையா செட்டியார் மேயரானார். செல்வர்கள் அமர்ந்த அந்த இடத்தில் 1945-ல் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் ந. சிவராஜ் அமர்ந்தார். 1956-ல் தாரா செரியன் முதல் பெண் மேயரானார். நாற்காலி அதேதான், அதில் உட்காரும் ஆளை மாற்றியது காலமும் மக்கள் இயக்கங்களும்.

இனி கசப்பான பக்கத்துக்கு வருவோம். மஸ்டர் ரோல் என்றால் என்னவென்று ரோடு வேலைக்குப் போன நமக்குச் சொல்லவேண்டியதில்லை. நம் பெயரும் வேலை நாளும் எழுதும் புத்தகம். சென்னை மாநகராட்சியில் இல்லாத தொழிலாளியின் பெயரை அதில் எழுதிக் கூலி எடுத்தார்கள் என்ற ஊழல் புகார் வெடித்தது. 1973-ல் மாமன்றத்தைக் கலைத்தார்கள். திருடியவனைத் தண்டிக்கட்டும், நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதன்பின் 1996 வரை 23 ஆண்டுகள் தேர்தலே இல்லை! கலைத்த வருடம் பிறந்த குழந்தை வளர்ந்து, தானும் ஒரு குழந்தைக்குத் தாயாகும் வரை, சென்னைக்காரனுக்கு முறையிட ஒரு கவுன்சிலர் இல்லை. தப்பு செய்தவர் சிலர்; உரிமை இழந்தவர் அனைவரும்.

கேரளம் மட்டும் யோக்கியமா? இங்கே 1963-ல் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. அடுத்தது எப்போது? 1979-ல்! இந்தக் கூத்துக்கு முடிவு கட்டத்தான் 1993-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்று விதித்தன. அப்படியும் 2016 முதல் 2022 வரை சென்னையில் மாமன்றம் இல்லாமல் ஓட்டினார்கள். 2022-ல் தேர்தல் நடந்து, ஆர். பிரியா மேயரானார். சென்னையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் பெண் அவர். சட்டம் இருந்தால் போதாது தோழர்களே, கேட்கிற வாயும் வேண்டும்.

கேட்டால் என்ன நடக்கும்? வெகுதூரம் போகவேண்டாம், பக்கத்துப் பெருமாட்டிக்குப் போவோம். பிளாச்சிமடையில் 2000-ல் கோக்கோ கோலா ஆலை வந்தது. கிணறு வற்றுகிறது, தண்ணீர் குடிக்க முடியவில்லை என்று 2002 ஏப்ரலில் ஆதிவாசி மக்கள் போராட்டப் பந்தல் போட்டார்கள். மயிலம்மா முன்னால் நின்றார். ஆலைக்கு அனுமதி கொடுத்த அதே பெருமாட்டிப் பஞ்சாயத்து 2003 ஏப்ரலில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது, பிறகு ஓடவில்லை. உலகக் கம்பெனியை ஒரு கிராமப் பஞ்சாயத்து எதிர்த்து நின்றது. பந்தலில் மக்கள் உட்கார்ந்திருந்ததால்தான் நாற்காலிக்கு முதுகெலும்பு வந்தது.

மூணாறிலும் பார்த்தோம். 2015 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் போனசுக்காக ரோட்டில் உட்கார்ந்தார்கள். அதே நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களில் வென்றும் காட்டினார்கள்.

இப்போது நம் கதைக்கு வருவோம். தாய்மார்களே, கேரளத்தின் உள்ளாட்சிகளில் பாதி இடம் உங்களுக்கு என்று 2009-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வார்டு கிராமசபைக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது கூடவேண்டும். யாருக்கு வீடு, யாருக்குக் கக்கூசு என்ற பயனாளிப் பட்டியல் அங்கேதான் முடிவாகிறது. நாம் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விடுகிறோம். பட்டியல் ஒட்டிய பிறகு, "என் பெயர் எங்கே?" என்று சண்டைக்கு நிற்கிறோம். ஒருநாள் கூலி போகுமே என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் வீட்டுக்கு ஒருவராவது போகலாம் அல்லவா?

இன்னொன்று. சட்டசபைத் தேர்தல் பட்டியல் வேறு, பஞ்சாயத்துப் பட்டியல் வேறு. ஒன்றில் பெயர் இருந்தால் மற்றதிலும் இருக்கும் என்று நம்பி ஏமாறாதீர்கள். இரண்டையும் பாருங்கள்.

மலையாளம் எழுதத் தெரியாதே என்ற தயக்கமும் வேண்டாம். 1969-ம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே அரசுக்கு எழுத வழி செய்கிறது. நம்மைப் போன்ற மொழிச் சிறுபான்மைப் பகுதிகளின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அது பொருந்தும். தமிழிலேயே மனுக் கொடுங்கள். வாங்க மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து போவோம்.

சென்னையில் சோறு போட்டதும் நாற்காலிதான். 23 ஆண்டு காலியாய்க் கிடந்ததும் நாற்காலிதான். நம் பஞ்சாயத்து நாற்காலி எப்படி இருக்கவேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. அடுத்த கிராமசபையில் சந்திப்போம்.