சர்பத்து என்னும் சொல்



உச்சி வெயிலிலே கொழும்புக் கடைத்தெருவில் நன்னாரிச் சர்பத்து வாங்கி அருந்துவோர் பலர். நன்னாரி வேரின் மணம், எலுமிச்சையின் புளிப்பு, மேலே மிதக்கும் கசகசா ஆகிய இவையெல்லாம் நாம் அறிந்தவையே. (இங்குக் கசகசா எனப்படுவது துளசியினத்து வித்து, கறிக்குச் சேரும் கசகசா வேறு.) பனிக்கட்டி இடாத சர்பத்தைச் சர்பத்தென ஒப்பாதவரும் உளர். ஆயினும் அச்சொல்லினுள்ளே குளிர்ச்சியும் இல்லை, இனிப்பும் இல்லை.

அரபு மொழியில் ‘ஷரிப’ என்றால் குடித்தான் என்பது பொருள். அவ்வேரிலிருந்து பிறந்த ‘ஷராப்’ என்பது குடிக்கத்தக்க எதனையும் குறிக்கும். திருக்குர்ஆன் தேனீயின் வயிற்றிலிருந்து வெளிப்படும் தேனை இச்சொல்லாலேயே சுட்டுகின்றது. ஆனால் பாரசீகத்திலும் உருதுவிலும் இதுவே மதுவைக் குறிப்பதாயிற்று. மதுவை விலக்கியவர் அருந்திய பழச்சாற்றுக்கும் பாகுநீருக்கும் அதே வேரிலிருந்து பிறந்த ‘ஷர்பத்’ வழங்கியது. இலத்தீன் மொழியிற் புகுந்த மற்றொரு கிளை மருந்துப் பாகைக் குறித்தது. வைத்தியசாலையில் இருமலுக்குத் தரும் ‘சிரப்’ அக்கிளையில் வந்ததே. ஆகவே மதுவும் மருந்தும் சர்பத்தும் சொல்லளவில் உடன்பிறந்தவை!

இதில் வியப்பதற்கு ஏதுமில்லை. நம் மொழியிலும் ‘குடி’ என்ற பொதுச்சொல் ‘குடிகாரன்’ என்றவிடத்தில் மதுவையே உணர்த்துகின்றது. சித்த வைத்தியத்திலோ ‘குடிநீர்’ என்பது கசாயம்.

குளிர்ச்சி பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. மலைப்பனி கிடைத்த நாடுகளில் செல்வர் அதனைப் பானத்தில் இட்டனர். அக்பரின் அரண்மனையில் வெடியுப்புக் கரைத்த நீரினுள் குடத்தை வைத்துக் குடிநீரைக் குளிர்வித்தனர் என்றும், 1586 முதல் வடமலைகளிலிருந்து லாகூருக்குப் பனிக்கட்டி வந்தது என்றும் அபுல் பஸல் எழுதியுள்ளார். 1833இல் அமெரிக்க வணிகர் பிரெடரிக் டியூடரின் கப்பலொன்று பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் பனிக்கட்டி கொணர்ந்தது. ஏறத்தாழ 180 தொன் ஏற்றியதில் வந்து சேர்ந்தது 100 தொன்னளவே.

மேற்கே போன சொல்லின் கதி இன்னும் விந்தையானது. துருக்கியரிடமிருந்து இத்தாலியர் பெற்றபோது அது ‘சொர்பெத்தோ’ ஆயிற்று; பானமும் நாளடைவில் உறைந்து, கரண்டியால் உண்ணும் பண்டமாயிற்று. அமெரிக்காவில் ‘ஷெர்பெட்’ என விற்கும் உறைபண்டத்தில் பாற்கொழுப்பு 1 முதல் 2 வீதம் இருத்தல் வேண்டுமென விதியே உண்டு. இங்கிலாந்திலோ அப்பெயர் சோடா உப்பும் புளிப்பமிலமும் சீனியும் கலந்த, நாவிலே நுரைக்கும் தூளுக்கு உரியது. குடித்தலைக் குறித்த சொல் ஒரு துளி நீருமற்ற தூளுக்குப் பெயரானது!

சர்பத்து பிறமொழிச் சொல், அதனை நீக்கிப் ‘பானகம்’ என்போம் எனச் சிலர் கூறுவர். பானகமோ வடமொழியில் ‘பா’, அதாவது குடி, என்னும் வேரிலிருந்து வந்தது. ஓர் அயற்சொல்லை நீக்கி, அதே பொருளுடைய மற்றோர் அயற்சொல்லை அமர்த்துவதால் என்ன பயன்? தவிர, வழக்கில் இரண்டும் வெவ்வேறு பொருள்கள். வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்ந்த பானகத்தைத் திருவிழாக் காலத்தில் எவரும் சர்பத்தென்று கேட்பதில்லை. கடையிலே சர்பத்தைப் பானகமென்று கேட்பாரும் இல்லை.